பெரியம்மாவின் ஸ்கூட்டி

'உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்' என்று ஒரு பெண்ணிடம் தொடங்கும் பேச்சைச் சந்தேகத்தோடு கேட்கவே பழகியிருக்கிறேன். இருட்டினால் வெளியே போகாதே, தனியாகப் பயணம் வேண்டாம், உனக்கெதற்கு வண்டி, அண்ணன் கொண்டுவந்து விடுவான். பாதுகாப்பு என்ற பெயரில் நம்மைப் பூட்டிவைத்த பேச்சுகள் இவை. எழுபத்துநான்கு வயதான பெரியம்மாவிடம் 'இனி ஸ்கூட்டி ஓட்ட வேண்டாம்' என்று சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அதே பேச்சு என் வாயிலிருந்தும் வர வேண்டியிருந்தது. இது வேறு, அது வேறு என்று எதை வைத்துச் சொல்வது?

பெரியம்மா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் தனியாக இருக்கிறார். கீரனூர்ப் பக்கம் வேலை பார்த்த காலத்தில்தான் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கக் கற்பதோடு சைக்கிள் ஓட்டக் கற்பதும் அந்த இயக்கத்தின் பகுதியானது. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரை வலம்வந்தார்கள். நாற்பதைத் தாண்டிய பெரியம்மா முழங்காலில் சிராய்ப்போடு சைக்கிள் கற்றுக்கொண்டது அப்போதுதான். ஸ்கூட்டி அதன் தொடர்ச்சி. "பின்னாடி உக்காந்து போறவரைக்கும் எங்க போகணும்னு முன்னாடி இருக்கறவர்கிட்ட சொல்லியாகணும்" என்பார். வண்டி அவருக்கு வேகத்தைக் கொடுத்ததைவிட, யாரிடமும் சொல்லாமல் கிளம்பும் உரிமையைக் கொடுத்தது.

அவருக்குக் கண்நீர் அழுத்த நோய், கிளாக்கோமா. பார்வைப்புலச் சோதனைக்குப் பிறகு மருத்துவர் வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். "எனக்கு நல்லாத் தெரியுதே" என்றார் பெரியம்மா. பொய்யில்லை. தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டை என்னைவிட முன்னால் படித்துவிடுவார். இந்த நோய் பெரும்பாலும் ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்கிறது. தின்ற இடம் கறுப்பாகத் தெரிவதில்லை. மூளையே அந்த இடத்தை எதையாவது வைத்து நிரப்பிக்கொள்கிறது.

இங்கேதான் நான் சிக்கிக்கொண்டேன். வலிக்கிறது என்று பெண் சொன்னால் 'அதெல்லாம் மனசுதான்' என்று அனுப்பிவைத்த மருத்துவத்தோடு நாம் சண்டை போட்டிருக்கிறோம். தன் உடலைப் பற்றி அவள் சொல்வதே முதல் சாட்சி என்று வாதாடியிருக்கிறோம். அந்த வாதத்தை இன்றும் விடமாட்டேன். ஆனால் வலி வேறு, இது வேறு. வலி அவருக்கு மட்டுமே தெரியும். காணாமல் போன ஓரமோ அவருக்கு மட்டும்தான் தெரியாது.

சட்டம் இதில் அதிகம் உதவவில்லை. 55 வயதுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும். நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்து வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பது அதிலுள்ள கேள்விகளில் ஒன்று. பெரியம்மா அதைச் சிரித்துக்கொண்டே படித்துவிடுவார். அவருடைய உரிமத்துக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத சிறிய மின்சார வண்டிக்கு உரிமமே வேண்டாமே, அதை வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு சொந்தக்காரர் யோசனை சொன்னார். சித்திரை வீதியில் பக்கவாட்டிலிருந்து ஓடிவரும் குழந்தைக்கு அந்த வேகமே போதும்.

பெரியம்மா என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "உங்க பெரியப்பா கண்ல புரையை வச்சுக்கிட்டு எழுபத்தெட்டு வயசு வரைக்கும் கார் ஓட்டினாரே, அவரை யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. காவிரிப் பாலத்தில் அவர் கார் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து "வலது பக்கம் பஸ் வருது, லாரிக்கு ஒதுங்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பெரியம்மாதான். ஒரு ஆணின் கௌரவம் குலையாமலிருக்க ஒரு பெண்ணின் கண்கள் இலவசமாக வேலை பார்த்தன. கேள்வி நியாயமானது. ஆனால் அதிலிருந்து எந்த முடிவுக்கு வருவது? பெரியப்பாவையும் நிறுத்தியிருக்க வேண்டும் என்ற முடிவுக்குத்தான் என்னால் வர முடிகிறது. சமத்துவத்தின் கணக்கைத் தெருவில் போகிறவர் மேல் எழுத முடியாது. விழுந்தால் அவருடைய எலும்பு மட்டும்தான் உடையும் என்றால், எலும்பு அவருடையது, முடிவும் அவருடையது என்று அவர் பக்கம் நின்றிருப்பேன்.

சொல்லும் முறையில்தான் வீட்டில் சண்டை. சாவியை ஒளித்துவைக்கலாம், மெக்கானிக்கிடம் சொல்லி 'இன்ஜின் போச்சு' என்று சொல்லச் சொல்லலாம் என்றான் பெங்களூரில் இருக்கும் அண்ணன். முதியவர்கள் விஷயத்தில் இத்தகைய தந்திரங்களை அன்பு என்றே நினைக்கிறார்கள். நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம் கணக்கைக் காட்டாமல் விடையை மட்டும் திணிக்க எனக்கு மனம் வரவில்லை. சோதனைத் தாளை அவர் முன் விரித்தேன். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிரே இருந்த காலண்டரைப் பார்க்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து ஒரு பாட்டில் மூடியை மெல்ல உள்ளே கொண்டுவந்தேன். தெரிந்ததும் சொல்ல வேண்டும். அடுத்து மூடியை அவர் வாங்கிக்கொண்டு என்னைச் சோதித்தார். நான் எந்த இடத்தில் 'தெரியுது' என்றேன், அவர் எந்த இடத்தில் சொன்னார் என்பதை அவரே சுவரில் பென்சிலால் குறித்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. நெடுநேரம் அந்த முழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நிபந்தனைகள் வந்தன. தமிழகத்தில் 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதைச் சொன்னேன். "பஸ் இலவசம்தான், படி ஏற முழங்கால் வேணுமே" என்றார். ஆக ஆட்டோ. அதற்கான பணம் மாதத் தொடக்கத்தில் அவர் கையில் இருக்க வேண்டும், கணக்குக் கேட்கக் கூடாது. 'நாங்க கொண்டுபோய் விடறோம்' என்ற பேச்சே கூடாது. அண்ணன்கள் அப்படிச் சொன்னால் லீவு போடுவது மருமகள்கள்தான் என்பது அவருக்குத் தெரியும். மூன்றாவது, எங்கே போகிறேன் என்று யாரும் கேட்கக் கூடாது.

முதல் இரண்டும் நடக்கின்றன. பணத்தை நாங்கள் மூன்று பேர் பகிர்ந்துகொள்கிறோம். மூன்றாவதைத்தான் தினமும் இரவு எட்டு மணிக்கு ஃபோன் செய்யும் மகன் மீறிக்கொண்டே இருக்கிறான். "இன்னிக்கு எங்கம்மா போனே?" பெரியம்மா எல்லா நாளும் ஒரே பதில்தான் சொல்கிறார்: காந்தி மார்க்கெட். மார்க்கெட் லீவு நாளிலும் அதேதான்.