கேள்வியோடு வந்தவர்கள்

(தவக்காலத் தியானத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிறிஸ்துவை நம்புவதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் பலர். எந்தச் செபத்தைச் சொல்வது, எந்த நூலைப் படிப்பது, எத்தனை மாதம் வகுப்புக்கு வருவது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். அதற்கெல்லாம் விடை உண்டு, பிறகு சொல்கிறேன். முதலில் உங்களை உதயகிரிக் கோட்டைக்கு அழைத்துப்போகிறேன். தக்கலைப் பக்கம் போகிறவர்கள் புலியூர்க்குறிச்சியில் அந்தக் கருங்கல் மதிலைப் பார்த்திருப்பீர்கள்.

1741-இல் குளச்சல் போரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. சிறைப்பட்டவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியுஸ் டிலனாய். மன்னர் அவருடைய திறமையை அறிந்து, தம் படைக்குப் பயிற்சி கொடுக்கவும் கோட்டைகளைப் பலப்படுத்தவும் அவரையே அமர்த்திக்கொண்டார். பின்னாளில் ஊரார் அவரை 'வலிய கப்பித்தான்' என்று அழைத்தார்கள். அவரோடு பழகிய அரண்மனை அலுவலர்களில் ஒருவர்தான் நட்டாலம் நீலகண்ட பிள்ளை. 1712-இல் பிறந்தவர். பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயில் பணியிலும் இருந்தவர். பக்தியில் குறை சொல்ல முடியாத மனிதர்.

அவருடைய வீட்டில் இழப்பு வந்தது. மாடுகள் மடிந்தன, விளைச்சல் போனது, கையிருப்பு கரைந்தது. முறை தவறாமல் வழிபடுகிற எனக்கு ஏன் இப்படி என்ற கேள்வி அவரை அரித்தது. முகம் வாடியிருந்ததைக் கண்டு டிலனாய் விசாரித்தார். நீலகண்டர் உள்ளதைச் சொன்னார்.

அந்த இடத்தில் டிலனாய் என்ன செய்திருக்கலாம்? என் சமயத்துக்கு வா, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். பிறர் சமயத்தைப் பழித்திருக்கலாம். அவர் யோபுவின் கதையைச் சொன்னார். நேர்மையாக வாழ்ந்த ஒருவன் ஒரே நாளில் மாடுகளையும் ஆடுகளையும் ஒட்டகங்களையும் இழந்து, பெற்ற பிள்ளைகளையும் பறிகொடுத்து, பிறகு உடல் முழுதும் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்த கதை. சொன்னவரும் எல்லாம் இழந்த மனிதர்தான் என்பதை மறக்காதீர்கள். போரில் தோற்று, சிறைப்பட்டு, பிறந்த மண்ணை விட்டு வந்தவர். 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். இழந்தவனுக்கு இழந்தவன் சொன்ன கதை அது. அதனால்தான் அது உள்ளே இறங்கியது என்று நான் நம்புகிறேன்.

யோபு நூலை நாம் சரியாகப் படிப்பதில்லை. முதல் இரண்டு அதிகாரங்களையும் கடைசி அதிகாரத்தையும் படித்துவிட்டு, பொறுமைக்கு எடுத்துக்காட்டு யோபு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நூலில் 42 அதிகாரங்கள் இருக்கின்றன. நடுவில் உள்ள யோபு பொறுமைசாலி இல்லை. தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். கடவுளை வழக்குக்கு அழைக்கிறார். நான் செய்த குற்றம் என்ன, எடுத்துக்காட்டும் என்று நேருக்கு நேர் கேட்கிறார். ஆறுதல் சொல்ல வந்த மூன்று நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் செய்தது நல்ல காரியம். பேசத் தொடங்கியதும் கெடுத்துவிட்டார்கள். நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் உனக்கு இந்தத் தண்டனை என்று விதவிதமாகச் சொன்னார்கள். கடவுளுக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டு, நொந்தவனை மேலும் நோகடித்தார்கள்.

இறுதியில் கடவுள் யாரைக் கண்டித்தார்? கேள்வி கேட்ட யோபுவை அல்ல, தம் சார்பாகப் பேசிய நண்பர்களை. யோபு பேசியதே சரி என்று தீர்ப்புச் சொன்னார். அது மட்டுமல்ல. உனக்கு ஏன் துன்பம் வந்தது என்ற கேள்விக்குக் கடவுள் ஓரிடத்திலும் காரணம் சொல்லவில்லை. சூறாவளியின் நடுவிலிருந்து பேசுகிறார். கடலையும் விண்மீன்களையும் காட்டுக் கழுதையையும் பருந்தையும் காட்டி யோபுவிடம் கேள்விமேல் கேள்வி கேட்கிறார். ஆனாலும் யோபு அமைதி அடைகிறார். இதுவரை உம்மைப் பற்றிக் காதால் கேட்டிருந்தேன், இப்போது கண்ணால் காண்கிறேன் என்று அவர் சொல்வதன் பொருள் இதுதான்: காரணம் கிடைக்கவில்லை, கடவுள் வந்துவிட்டார், அது போதும்.

கிறிஸ்தவ நம்பிக்கைக்கு ஒரு மனிதர் எப்படி வருகிறார் என்று கேட்டால், நான் சொல்ல விரும்புவது இதை ஒட்டியதே. கேள்விகள் எல்லாம் தீர்ந்த பிறகு நம்பிக்கைக்கு வருகிறவர் எவரும் இல்லை. கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டேதான் வருகிறார்கள். வந்த இடத்தில் ஒருவரைச் சந்திக்கிறார்கள். யோபுவிடம் சூறாவளியில் பேசியவர், தாமே மனித உடல் எடுத்து, தாமே சிலுவையில் தொங்கி, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று நம் கேள்வியைத் தம் வாயாலேயே கேட்டார் என்பது நற்செய்தி. துன்பத்துக்கு விளக்கம் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்கிற கடவுளை அல்ல, துன்பத்துக்குள் இறங்கி வந்த கடவுளைத்தான் திருச்சபை அறிவிக்கிறது. இயேசு இறந்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதை நீங்கள் உடனே ஏற்றுக்கொள்ள முடியாமல் தவிக்கலாம். இயேசுவின் சீடர் தோமாவும் தவித்தார். ஆண்டவர் அவரை விரட்டவில்லை. காயங்களைத் தொட்டுப் பார்க்கக் கூப்பிட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீலகண்டருக்குக் கதை சொல்ல ஓர் ஆள் இருந்தார். நம்பிக்கை கேள்வியால் பிறக்கிறது, அதாவது காதால் கேட்பதால் பிறக்கிறது என்று பவுல் உரோமையருக்கு எழுதினார். காசாவுக்குப் போகும் சாலையில் தேரில் அமர்ந்து எசாயா நூலை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய அதிகாரியிடம், வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்டார். யாராவது எனக்கு விளக்கிச் சொல்லாவிட்டால் எப்படிப் புரியும் என்று அந்தப் பெரிய மனிதர் கூச்சமில்லாமல் சொன்னார். பிலிப்புவைத் தேரில் ஏறி உட்காரச் சொன்னார். தனியாக அறைக்குள் இருந்து நம்பிக்கையை உருவாக்கிக்கொள்ள முடியாது. நம்புகிற ஒருவரின் பக்கத்தில் உட்கார வேண்டும்.

தவக்காலத்தில், திருமுழுக்குப் பெறக் காத்திருப்பவர்களுக்காகத் திருச்சபை யோவான் நற்செய்தியிலிருந்து மூன்று பகுதிகளை வாசிக்கிறது: சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், உயிர்பெற்ற இலாசர். இரண்டாவதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒன்பதாம் அதிகாரம். இயேசு தரையில் உமிழ்ந்து சேறு உண்டாக்கி அந்த மனிதருடைய கண்களில் பூசி, சிலோவாம் குளத்தில் கழுவச் சொல்கிறார். அவர் போகிறார், கழுவுகிறார், பார்வையோடு திரும்புகிறார். உன் கண்கள் எப்படித் திறந்தன என்று ஊரார் கேட்கிறார்கள். இயேசு என்று ஒரு மனிதர் திறந்தார் என்கிறார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பரிசேயர் கேட்கும்போது, அவர் இறைவாக்கினர் என்கிறார். மறுபடியும் கூப்பிட்டு மிரட்டும்போது, அவர் கடவுளிடமிருந்து வந்தவர், இல்லையென்றால் இதைச் செய்திருக்க முடியாது என்று எதிர்த்து நிற்கிறார். பெற்றோர் பயந்து ஒதுங்கிக்கொள்கிறார்கள். வயது வந்தவன், அவனையே கேளுங்கள் என்கிறார்கள். கடைசியில் அவரை வெளியே தள்ளுகிறார்கள். அதைக் கேள்விப்பட்டு இயேசுவே அவரைத் தேடிப்போய்க் காண்கிறார். மானிட மகனை நம்புகிறாயா என்று கேட்கிறார். அவர் யார் என்று அந்த மனிதர் திருப்பிக் கேட்கிறார். உன்னோடு பேசுகிறவரே என்ற பதில் வந்த பிறகுதான், ஆண்டவரே நம்புகிறேன் என்று வணங்குகிறார்.

யோசித்துப் பாருங்கள். கண் திறந்தது குளக்கரையில். அப்போது இயேசு அங்கே இல்லை. தம்மைக் குணமாக்கியவரின் முகத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தது, எல்லாரும் தள்ளிவிட்ட பிறகுதான். அதுவரைக்கும் அவருக்கு முழு நம்பிக்கை கிடையாது. ஆனால் தெரிந்த அளவுக்கு உண்மையாக இருந்தார். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவில்லை. தெரிந்ததை மறைக்கவும் இல்லை. அவர் பாவியோ இல்லையோ எனக்குத் தெரியாது, பார்வையற்றிருந்த நான் பார்க்கிறேன் என்பது மட்டும் தெரியும் என்று சொன்னாரே, அந்த நேர்மையின் மேல்தான் ஆண்டவர் அடுத்தடுத்த படிகளைக் கட்டினார். உங்களில் சிலர் இன்று முதற்படியில் நிற்கலாம். இயேசு நல்ல மனிதர் என்ற அளவில் நிற்கலாம். அந்த அளவுக்கு உண்மையாக இருங்கள்.

நீலகண்டரின் கதைக்குத் திரும்புவோம். அவர் திருமுழுக்குக் கேட்டதும் டிலனாய் அவரை வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அங்கே இயேசு சபைக் குரு புத்தாரி அடிகள் இருந்தார். மக்கள் அவரைப் பரஞ்சோதிநாதர் என்பார்கள். அரண்மனைக்காரர் வந்திருக்கிறாரே என்று அவர் அவசரப்படவில்லை. காத்திருக்கச் செய்தார், கற்பித்தார், மனத்தைச் சோதித்தார். 1745 மே 14-இல் திருமுழுக்கு நடந்தது. இலாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று இட்டார்கள். அவருடைய மனைவி பார்கவி அம்மாளும் பிறகு திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

அதன்பின் என்ன கிடைத்தது? யோபுவுக்குக் கடவுள் எல்லாவற்றையும் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, கிறிஸ்துவிடம் வந்தால் கடன் தீரும், வியாபாரம் பெருகும் என்று மேடைதோறும் வாக்களிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்பாதீர்கள் என்று இந்த இடத்தில் நின்று உறுதியாகச் சொல்கிறேன். தேவசகாயத்துக்கு 1749-இல் கைவிலங்கு கிடைத்தது. சாதி பாராமல் எல்லா மனிதரும் சமம் என்று பேசியதும், அப்படியே பழகியதும் மேல்நிலையில் இருந்தவர்களின் வெறுப்பைத் தூண்டின. எருமைமேல் பின்புறம் திருப்பி உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மூன்று ஆண்டுக் காவலுக்குப் பிறகு, 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அவருடைய எலும்புகள் அடக்கம் செய்யப்பட்டன. 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, சாதியைக் குறிக்கும் பட்டம் இல்லாமல் தேவசகாயம் என்ற பெயர் மட்டுமே ஒலித்தது. குருவும் அல்ல, துறவியும் அல்ல; மனைவியோடு வாழ்ந்த ஓர் அரசு அலுவலர்.

மாடுகளை இழந்ததற்காக அழுத மனிதர் உயிரையே கொடுக்கிற மனிதராக மாறியிருக்கிறார். இழப்பு நின்றதால் வந்த மாற்றம் இல்லை இது. இழப்புக்கு நடுவில் யார் கூட இருக்கிறார் என்று கண்டுகொண்டதால் வந்தது.

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

மாற்கு நற்செய்தியை எடுத்துப் படியுங்கள். நான்கு நற்செய்திகளில் அதுதான் சிறியது, பதினாறு அதிகாரம். ஒரு ஞாயிறு மாலையில் முழுவதையும் படித்துவிடலாம். விளக்க நூல் எதுவும் அப்போது வேண்டாம். இந்த மனிதர் யார் என்ற ஒரே கேள்வியோடு படியுங்கள். புரியாத இடத்தில் கோடு போட்டு வையுங்கள்.

செபிக்கத் தெரியாது என்கிறீர்கள். அதே நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், நோயுற்ற மகனைக் கொண்டுவந்த ஒரு தகப்பன் இருக்கிறார். நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும் என்று கதறினார். பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமும் கலந்த அந்தக் குரலுக்கு ஆண்டவர் செவிகொடுத்து, பிள்ளையைக் குணமாக்கினார். உங்களுக்கு அதைவிடப் பொருத்தமான செபம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு சொல்லுங்கள்.

ஞாயிறு திருப்பலிக்கு வந்து உட்காருங்கள். நற்கருணை வாங்க வரிசையில் நிற்க வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும். திருமுழுக்குக்கு அவசரம் வேண்டாம். பெரியவர்களுக்காகத் திருச்சபை புகுமுகநிலை என்ற நீண்ட காலத்தை வைத்திருக்கிறது. படிப்படியாகக் கற்று, வழக்கமாகப் பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெறுவார்கள். நடுவில் விலகிக்கொள்ள விரும்பினால் விலகலாம். இந்தக் காலம் உங்களுடைய சுதந்திரத்துக்காகவே.

குடும்பம் என்ன சொல்லும் என்று சிலர் கவலைப்படுகிறீர்கள், முக்கியமாகப் பெண்கள். அந்தக் கவலை நியாயமானது. வீட்டாரை ஏமாற்றி எதையும் செய்யாதீர்கள். அவர்களுடைய தெய்வத்தையும் வழிபாட்டையும் இழிவாக ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லத் தூண்டுகிறவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகுங்கள். நீங்கள் அம்மா அப்பாவிடம் முன்பைவிட அன்பாக நடந்துகொண்டால், அதைப் பார்த்து அவர்களே கேட்பார்கள். கேட்கும்போது சொல்லலாம்.

இன்று மாலைச் செபம் முடிந்ததும் ஆலயத்தின் இடப்பக்க வராந்தாவில் இரண்டு குருக்களும் அருள்சகோதரிகளும் இருப்பார்கள். பேச விரும்புகிறவர்கள் போய்ப் பேசுங்கள். உங்கள் பெயரையோ ஊரையோ யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். மாற்கு நற்செய்திப் பிரதிகள் மேசையில் இருக்கின்றன. காசு கொடுக்க வேண்டியதில்லை, ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லலாம்.