அடித்தட்டில் யார்?

உல்லாசக் கப்பலில் எந்த அறையைத் தேர்ந்தெடுப்பது? இதுவா இன்று ஆராய வேண்டிய அறப் பிரச்சினை? அரை வயிற்றுக் கஞ்சிக்கு அலைவோர் நிறைந்த நாட்டில் ஆழ்கடல் விருந்துக்குச் செல்வோரின் அறையைப் பற்றிப் பேச்சா? என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும், கேள்வி நியாயமானதே. ஆனால் ஊரில் உள்ள மேல் கீழைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உடனே வழக்கம் என்பார்கள், மரபு என்பார்கள், மூத்தோர் வகுத்த முறை என்பார்கள். ஆயிரம் போர்வை போர்த்தி அதனை மறைத்துவிடுவார்கள். கப்பலிலோ அந்தப் போர்வை ஏதும் கிடையாது. தட்டுக்கு எண் உண்டு, எண்ணுக்கு விலை உண்டு. மேல்தட்டு, அடித்தட்டு என்று நாம் மக்களைக் குறித்து உவமையாகச் சொல்வது அங்கே உவமையே அல்ல. இரும்பால் அடித்து, ஆணி அறைந்து, வண்ணம் பூசி வைத்த உண்மை!

முதலில், கடல் விதித்தது எது, மனிதன் விதித்தது எது என்று பிரித்துப் பார்ப்போம். துலாக்கோலைப் பாருங்கள். இரு முனைகளும் ஏறி இறங்கும்; நடுவிடம் அசைவதே தெரியாது. அலையில் ஏறி இறங்கும் கப்பலும் அப்படித்தான். முன்முனையில் படுத்தவன் ஊஞ்சலாடுவான். பின்முனையில் படுத்தவனும் ஆடுவான். நடுவில் படுத்தவன் நிம்மதியாக உறங்குவான். இனித் தென்னையைப் பாருங்கள். காற்றடித்தால் அடிமரம் அசைவதில்லை, உச்சிதான் தலைசுற்றும். கப்பல் பக்கவாட்டில் உருளும்போது உயர்ந்த தட்டில் இருப்பவன்தான் மிகுதியாக வீசப்படுகிறான். ஆகவே வயிறு புரட்டும் இயல்புடையவர் நாட வேண்டியது நடுப்பகுதி, அதிலும் தாழ்ந்த தட்டு. ஓசை வேண்டாமென்றால், தன் அறைக்கு மேலும் கீழும் அறைகளே இருக்கும் இடமாகப் பார்த்துக் கொள்ள வேண்டும். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே படுத்தவனை விடியற்காலையில் நாற்காலி இழுபடும் ஓசை எழுப்பிவிடும். முன்முனையில் படுத்தவனை நங்கூரச் சங்கிலி எழுப்பும்.

வேடிக்கை என்னவென்றால், கப்பலிலேயே மிக அதிக விலை பெறும் அறைகளிற் பல உச்சியில்தான் இருக்கின்றன! உடல் நடுவே போ என்கிறது, பணம் மேலே ஏறு என்கிறது. சீமான் மேலே ஏறி, மாத்திரை விழுங்கிக் கொண்டு படுக்கிறான்.

எண்ணைப் பற்றியும் ஒரு சொல். பல உல்லாசக் கப்பல்களில் 12-ஆம் தட்டுக்கு அடுத்தது 14-ஆம் தட்டு. 13 எங்கே போயிற்று? கடலில் விழவில்லை, அச்சத்தில் விழுந்தது. செயற்கைக் கோளின் துணைகொண்டு வழி காணும் கப்பல், எந்திர அறிவின் உச்சியில் நிற்கும் கப்பல், ஒற்றை எண்ணைக் கண்டு ஒளிந்து கொள்கிறது. 14 என்று எழுதப்பட்ட தட்டில் படுப்பவன் எண்ணிப் பார்த்தால் தெரியும், அவன் படுத்திருப்பது பதின்மூன்றாவதில்தான் என்று!

இன்னொரு கதையும் உண்டு. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும்போது கப்பலின் இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம், வெயில் தாக்காத வடபுறம். ஆகவே வெள்ளைச் சீமான்கள் ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ என்று கேட்டு அறை வாங்கினார்களாம். அந்த நான்கு சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தே ‘போஷ்’ என்ற ஆங்கிலச் சொல் பிறந்ததாம். கேட்க இனிக்கிறது. ஆனால் அப்படி முத்திரையிட்ட ஒரு பயணச்சீட்டைக்கூட எவரும் காட்டியதில்லை. சொல்லாராய்ச்சியாளர் இதனை ஏற்பதில்லை. நிழலைத் தேடியது மெய்யாக இருக்கலாம். சொல் பிறந்த கதை புனைவு. புராணம் கோயிலில் மட்டும் பிறப்பதில்லை, கப்பல் துறையிலும் பிறக்கிறது.

இப்போது அறத்துக்கு வருவோம். கப்பல் என்றால் முனை இருக்கும், அடி இருக்கும், சாளரமில்லாத உட்புறம் இருக்கும். யாரோ ஒருவர் அங்கே படுத்தாக வேண்டும். யார் என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? பணத்தைக் கொண்டு என்கிறது வணிகம். விடுமுறைக்குச் செல்வோர் மட்டத்தில் இதைப் பெருங்குற்றம் என்று நான் கொதிக்கப் போவதில்லை. உள்ளறைக்காரன் குறைந்த விலை கொடுக்கிறான். கதவைத் திறந்து மேலே வந்தால் அதே கடல், அதே காற்று. 2011-இல் வந்த ‘டிஸ்னி ட்ரீம்’ கப்பலில் உள்ளறைச் சுவரில் வட்டத் திரை வைத்து, வெளியே உள்ள ஒளிப்படக் கருவி காட்டும் கடலை அதில் ஓடவிட்டார்கள். பொய்ச் சாளரம்தான், ஆனாலும் பொய் என்று தெரிந்தே வாங்கும் பொய். அதில் ஏமாற்று இல்லை.

ஆபத்து வரும்போதும் இந்த விலைப்பட்டியல் தொடருமா என்பதுதான் கேள்வி. 1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக்கில், ஆட்டம் குறைந்த நடுப்பகுதி முதல் வகுப்புக்கு. மூன்றாம் வகுப்பில் தனி ஆண்கள் முன்முனையில். குடும்பங்களும் தனிப் பெண்களும் பின்முனையில். உயிர்ப்படகுகளோ உச்சித் தட்டில்! பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையின் கணக்குப்படி முதல் வகுப்பில் 325 பேரில் 203 பேர் பிழைத்தனர்; மூன்றாம் வகுப்பில் 706 பேரில் 178 பேர். வேண்டுமென்று பாகுபாடு காட்டப்படவில்லை என்று அந்த விசாரணை தீர்ப்புச் சொல்லிற்று. சொல்லட்டும், ஆனால் அந்த விசாரணையில் மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவர்கூடச் சாட்சியாக அழைக்கப்படவில்லை. கொடியவன் ஒருவன் நின்று தடுத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. படகுக்கும் படுக்கைக்கும் இடையே நீண்ட நடைபாதைகளும், வகுப்பைப் பிரிக்கும் தடுப்புகளும், புரியாத மொழி அறிவிப்புப் பலகைகளும் போதும். பயணச்சீட்டு விற்ற நாளிலேயே தூரமும் விற்கப்பட்டுவிட்டது. சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ‘ரஜூலா’ கப்பலில் சென்ற நம்மவர் அறையே கேட்டதில்லை. பாய் விரிக்கத் தளத்தில் ஓரிடம் கிடைத்தால் போதும் என்று சென்றார்கள்.

இவ்வளவும் பயணிகளைப் பற்றியது. தேர்ந்தெடுக்கவே உரிமையில்லாத ஒரு கூட்டம் அதே கப்பலில் இருக்கிறது. 2024-இல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் 20 தட்டுகள். ஏறத்தாழ 2,350 பணியாளர்கள். பானை கழுவுவோர், படுக்கை விரிப்போர், எந்திர அறையில் வேர்ப்போர் எங்கே படுக்கிறார்கள்? 2006-இல் ஜெனீவாவில் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் நிறைவேற்றி, 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்தொழிலாளர் உடன்படிக்கையைப் புரட்டுங்கள். உறங்கும் அறை சுமைக்கோட்டுக்கு மேலே, நடுவிலோ பின்புறத்திலோ இருக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்! இயற்கை வெளிச்சம் வேண்டும் என்கிறது. மிக நல்ல சட்டம்! ஆளுக்கோர் அறை என்கிறது. ஆனால் மூன்றிடத்திலும் ஒரு வால் ஒட்டியிருக்கிறது: பயணிகள் கப்பலுக்கு மட்டும் வேறு ஏற்பாடு. விளக்கும் காற்றோட்டமும் இருந்தால் அங்கே சுமைக்கோட்டுக்குக் கீழேயும் படுக்க வைக்க அரசுகள் அனுமதிக்கலாம். நிலக்கரி ஏற்றும் கப்பலின் தொழிலாளிக்குக் கிடைக்கும் வெயில், விருந்துக் கப்பலின் தொழிலாளிக்கு இல்லை! காரணம் கடலா? அலையா? அல்ல. சாளரம் விலை போகிறது. விலை போகும் பொருளை வேலைக்காரனுக்குக் கொடுப்பானேன் என்ற கணக்கு.

இதன் விலை 2020 பிப்ரவரியில் தெரிந்தது. யோகோஹாமாவில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ நிறுத்தப்பட்டது. கப்பலில் 3,711 பேர். 712 பேருக்குக் கொரோனா தொற்று. பயணிகளை அறைக்குள் அடைத்தார்கள். சாளரமற்ற அறைகளில் இருந்தோரைச் சிறிது நேரம் தளத்தில் நடக்க விட்டார்கள், அது மனிதத்தன்மை. ஆனால் கதவு கதவாகச் சென்று உணவு கொடுத்த பணியாளர்? அவர்கள் சேர்ந்தே உண்டார்கள், பகிர்ந்த அறைகளிலேயே உறங்கினார்கள். பிரித்து வைக்க அவர்களுக்கு அறை இருந்தால்தானே! இந்தியர் நூற்றுக்கு மேற்பட்டோர் அந்தப் பணியாளரில் இருந்தனர்.

“விரும்பித்தானே வந்தார்கள், ஊரில் கிடைக்காத கூலி கிடைக்கிறதே” என்பார்கள். கூலி கிடைக்கிறது, மறுக்கவில்லை. கூலியை ஒப்புக்கொண்டதால் வெளிச்சத்தை விற்றுவிட்டான் என்று எந்த ஒப்பந்தம் சொல்கிறது? “அப்படியானால் நான் சாளர அறையை விட்டுக்கொடுக்கவா?” என்று இளகிய நெஞ்சினர் கேட்பர். வேண்டாம். நீங்கள் விடும் அறை அடுத்த பயணிக்குத்தான் போகும், அடித்தட்டுக்காரனுக்குப் போகாது. தனி மனிதர் தியாகத்தால் தீரும் காரியமல்ல இது. சட்டத்தின் வாலை அறுக்க வேண்டும். அந்த உடன்படிக்கை திருத்தவே முடியாத வேதமும் அல்ல. பலமுறை திருத்தியிருக்கிறார்கள், 2022-இல் கப்பல் தொழிலாளருக்கு இணையத் தொடர்பு கிடைக்க வழி செய்யும் திருத்தமும் சேர்த்தார்கள். பயணிகள் கப்பலுக்கான விதிவிலக்கு மட்டும் இன்றும் அதில் இருக்கிறது. அறை தேர்ந்தெடுக்க நிறுவனம் தரும் வண்ணப் படத்தில் அந்தப் பணியாளர் தட்டுகளை வரைந்து காட்டுவதும் இல்லை.