வரைபும் வாய்மையும்

ஆய்வுக் கட்டுரையொன்றைக் கையிலெடுக்கும் வாசகர் பெரும்பாலும் முதலில் நோக்குவது அதிலுள்ள வரைபுகளையே. சொற்களாற் கூறப்பட்டதை ஐயுறும் மனம், கோடாக வரையப்பட்டதை எளிதில் நம்பிவிடுகின்றது. வாசகங்களைப் படிக்கையில் 'இவ்வாறு ஆசிரியர் கூறுகின்றார்' என்று எண்ணுபவர், வரைபைக் காண்கையில் 'இவ்வாறு இயற்கை கூறுகின்றது' என்று எண்ணிக்கொள்கின்றார். உண்மையில் வரைபும் ஒருவரது கூற்றேயாகும். அதனை ஆக்கிய கையொன்று உண்டு. அக்கை எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்னும் வினா தொழில்நுட்பத்தோடு முடிந்துவிடுவதன்று. அறவியலின் எல்லைக்குள்ளும் அது புகுகின்றது.

எண்களைக் கோடுகளாக்கிக் காட்டும் வழக்கத்துக்கு வலுவான தொடக்கத்தைத் தந்தவர் வில்லியம் பிளேஃபெயர். இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோடுகளாக வரைந்து 1786இல் அவர் நூலாக வெளியிட்டார். அதன்பின் நெடுங்காலம் வரைபு என்பது கையால் ஆக்கப்படும் பொருளாகவே இருந்தது. ஆய்வாளர் வரைபுத்தாளிற் புள்ளிகளை இடுவார். படவரைஞர் அதனை மையினாற் படியெடுப்பார். கணனி இந்நிலையை மாற்றிற்று. மட்லாப் 1984இல் வணிகப் பொருளாக வெளிவந்தது. நூபிளொட் 1986இலும் மட்பிளொட்லிப் 2003இலும் தோன்றின. இன்று இளமாணி மாணவர் ஒருவர் பல்லாயிரம் அளவீடுகளை நொடிப்பொழுதில் வரைபாக்கிவிடலாம். ஆயினும் கணனி தந்த வரைபு தந்தவாறே அச்சேறுவது அரிது. சஞ்சிகை ஒரு பத்தியின் அகலத்தைக் கேட்கும், எழுத்துகள் சிறிதாயிருக்கும், இரண்டு கோடுகள் ஒரே நிறத்தில் அமைந்திருக்கும். எனவே வரைபைக் கணிப்பு மென்பொருளிலிருந்து வெளியே எடுத்து, இல்லஸ்றேற்றர், இங்ஸ்கேப் போன்ற ஓவிய மென்பொருளொன்றிலே திறந்து திருத்துவது ஆய்வுகூடங்களின் அன்றாட வழக்கமாகிவிட்டது.

இவ்வாறு வெளியே எடுக்கும் வேளையில் நிகழ்வதைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். வரைபைச் சேமிப்பதற்கு இருவகை வழிகள் உள. ஒன்று, நிழற்படத்தைப் போல நிறப்புள்ளிகளின் திரளாகச் சேமிப்பது. மற்றையது, ஒவ்வொரு கோட்டையும் வட்டத்தையும் அதனதன் ஆள்கூறுகளோடு தனித்தனி உருவாகச் சேமிப்பது. எவ்வளவு பெருப்பித்தாலும் கூர்மை குன்றாதென்பதால் வரைபுகளுக்குப் பின்னையதே ஏற்றதென்பர், அது சரியே. ஆனால் இம்முறையிற் சேமித்த வரைபிலே நாற்பது அளவீடுகள் நாற்பது சிறு வட்டங்களாக நிற்கின்றன. அவற்றுள் எதனையும் சுட்டியாற் பற்றி இழுக்கலாம், அழித்தும்விடலாம். கணிப்பு மென்பொருளில் அவ்வட்டம் குறித்தவொரு வெப்பநிலையிற் குறித்தவொரு கருவி காட்டிய பெறுமானம். ஓவிய மென்பொருளிலோ அது வெறும் வட்டம். வட்டத்தை அரை அங்குலம் நகர்த்துவதும் தலைப்பெழுத்தை அரை அங்குலம் நகர்த்துவதும் அந்த மென்பொருளுக்கு ஒரே செயல்தான். ஓவியனின் படைப்பு உண்மையிலிருந்து மூன்றாம் படியில் நிற்பதெனப் பிளேட்டோ 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியிற் குறைகூறினார். கவிஞர்க்கும் ஓவியர்க்கும் அக்குற்றச்சாட்டு பொருந்துமா என்பது வேறு விடயம். அளவீடு எண்ணாகி, எண் வரைபாகி, வரைபு ஓவியமாகிவிட்ட நிலைக்கு அது நன்கு பொருந்துகின்றது.

தீய எண்ணம் எதுவுமின்றியே இங்கு கேடு நேரலாம். கோப்பின் பருமனைக் குறைக்க விரும்பும் ஒருவர், வளையியை எளிமையாக்கும் கட்டளையை இடுகின்றார். மென்பொருள் சில கணுக்களை நீக்கி வளையியை மழமழப்பாக்கிவிடுகின்றது. அளவீட்டில் இருந்த சிறு மேடு மறைகின்றது. குறிவிளக்கப் பெட்டியை அழகான இடத்தில் வைக்கையில் அதன் வெள்ளைப் பின்னணி ஒரு புள்ளியை மூடிவிடுகின்றது. வளையியை மாத்திரம் தெரிந்து சற்றே நீட்டுகையில் அச்சின் எண்கள் தம் இடத்திலேயே நின்றுவிடுகின்றன. இவற்றைச் செய்தவர் பொய்யரல்லர். எனினும் வாசகரின் கையில் இருப்பது பொய்யான வரைபு.

இதற்கு அஞ்சியோர் கூறும் விடை எளியது: கணனி தந்த வரைபைத் தொடாதிருப்பதே நேர்மை. கேட்பதற்குத் தூயதாகத் தோன்றும் இக்கொள்கை சிந்தித்தவிடத்து நிலைக்கவில்லை. கணனி தந்த வரைபும் எவரோ ஒருவர் செய்த தெரிவுகளின் விளைவேயாகும். அச்சு எங்கே தொடங்கவேண்டும், கோடு எத்துணைத் தடிப்பாக இருக்கவேண்டும் என்பவற்றை மென்பொருளை ஆக்கியோர் முன்னரே தீர்மானித்துவிட்டனர். மட்லாப் நெடுங்காலம் தானாகவே வழங்கிவந்த வானவில் நிறவரிசை இதற்குத் தக்க சான்று. சீராக உயரும் எண்களை அவ்வரிசையில் வரைந்தால், மஞ்சள் தோன்றும் இடத்திலும் நீலம் மாறும் இடத்திலும் தரவில் இல்லாத எல்லைக்கோடுகள் கண்ணுக்குத் தென்படும். மட்லாப் 2014இலும் மட்பிளொட்லிப் 2017இலும் தம் வழமை நிறவரிசையை மாற்றிக்கொண்டன. அதுவரை எதனையும் தொடாது வெளியிட்ட ஆய்வாளர், தாம் அறியாமலே இல்லாத எல்லைகளைத் தம் வாசகர்க்குக் காட்டிவந்தார். நிறவரிசையை மாற்றித் திருத்தியவரே உண்மைக்கு அண்மையில் நின்றார். தொடாமை ஒரு விரதமாகலாம். வாய்மைக்கு அது உறுதியன்று.

எதிர்த்திசையில் நிற்போர் நோக்கத்தை அளவுகோலாகக் கொள்வர். தம் பரிசோதனையை நன்கறிந்த ஆய்வாளர், உண்மையைத் தெளிவாகக் காட்டும் நல்லெண்ணத்தோடு வரைபைத் திருத்தினால் அதிற் குற்றமென்ன என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் வலுவில்லையென்று தள்ளிவிடுவதற்கில்லை. கருவி பழுதாகியிருந்த நாளின் அளவீட்டை விலக்குவதற்கு அறிவு வேண்டும். அவ்வறிவு ஆய்வாளரிடமே உண்டு. இலத்திரனின் ஏற்றத்தை எண்ணெய்த் துளிகளைக்கொண்டு அளந்த றொபேட் மில்லிக்கன், 1913இல் வெளியிட்ட கட்டுரையில் 58 துளிகளின் அளவீடுகளைத் தந்து, அவை தெரிந்தெடுத்தவையல்ல, தொடர்ச்சியான 60 நாட்களில் ஆராய்ந்த துளிகள் அனைத்துமே என்று எழுதினார். அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்து ஜெரால்ட் ஹோல்ற்றன் 1978இல் எழுதியபோது, கட்டுரையில் இடம்பெறாத துளிகளும் அளக்கப்பட்டிருந்தமை பரவலாகத் தெரியவந்தது. விலக்கியமைக்குத் தக்க காரணங்கள் பல இருந்தன என மில்லிக்கனுக்காக வாதிடுவோர் உளர். அவர்கள் கூறுவது பெரும்பாலும் ஏற்கத்தக்கதே. எனினும் துளிகளை விலக்கியமை வேறு, எதனையும் விலக்கவில்லை என்று எழுதியமை வேறு. முன்னையதை அறிவு நியாயப்படுத்தலாம். பின்னையதை நியாயப்படுத்துவதற்கு எந்த அறிவும் போதாது.

இவ்வேறுபாடு இன்னும் துலக்கமாகப் புலப்படுவது அண்மைக்காலத்து நிகழ்ச்சியொன்றில். உலக வானிலை நிறுவனம் 1999ஆம் ஆண்டின் காலநிலை பற்றி வெளியிட்ட அறிக்கையின் அட்டையிலே, கடந்த ஆயிரமாண்டு வெப்பநிலையைக் காட்டும் வரைபொன்று இடம்பெற்றது. மர வளையங்கள் முதலிய மறைமுகச் சான்றுகளினின்று கணித்த மூன்று வளையிகள் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்று, வெப்பமானிகள் காட்டிய உயர்வுக்கு மாறாக 1960ஐ அடுத்து வீழ்ச்சியைக் காட்டிற்று. வரைபை ஆக்கியோர் அப்பகுதியை வெட்டிவிட்டு, வெப்பமானி அளவீடுகளை ஒட்டி, ஒரே கோடாகத் தொடரவிட்டனர். இதுபற்றிப் பேசிய மின்னஞ்சல்கள் 2009 நவம்பரில் களவாக வெளியாயின. பெரும் பூசல் எழுந்தது. மர வளையங்களின் அவ்வீழ்ச்சி மறைக்கப்பட்ட இரகசியமன்று. 1998இலேயே அதே துறையினர் அதனைக் கட்டுரையாக எழுதியிருந்தனர். புவி வெப்பமடைதலும் வெப்பமானிகளால் உறுதியாக அறியப்பட்டதே. அவ்வரைபு இன்றியும் அது நிற்கும். அவ்வாறாயின் குற்றம் எங்கே? விசாரணை நடத்திய மியுயர் றசல் குழு 2010 யூலையில் வழங்கிய தீர்ப்பு நுண்ணியது. தொடரொன்றை ஓரிடத்தில் நிறுத்துவது தவறன்று. இருவகைத் தரவுகளைப் பொருத்துவதும் தவறன்று. இரண்டையும் செய்ததை வரைபிலோ படக்குறிப்பிலோ வாசகத்திலோ தெளிவாகச் சொல்லாமையால் அவ்வரைபு தவறான எண்ணத்தைத் தருவதாயிற்று என்பதே அதன் கருத்து. ஒரு வாக்கியம் இருந்திருந்தால் பெரும் பழி நேர்ந்திராது. நல்லெண்ணத்தால் மறைத்தது, பத்தாண்டு கழித்து நல்லெண்ணமற்றோர் கையில் ஆயுதமாயிற்று.

எனவே கேட்கத்தக்க வினா 'தொட்டாரா?' என்பதுமன்று, 'என்ன நோக்கத்தோடு தொட்டார்?' என்பதுமன்று. வரைபிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து அதற்கு மூலமான அளவீடு வரை வாசகர் திரும்பி நடக்கக்கூடிய வழி உளதா என்பதே உரிய வினா. கட்டளைகளை வரிவரியாக எழுதி வரைபை ஆக்குவதற்கும், சுட்டியாற் பற்றித் திருத்துவதற்கும் உள்ள அறவியல் வேறுபாடு இதுதான். செய்நிரலில் ஏழாம் புள்ளியை நீக்கினால், நீக்கியமை ஒரு வரியாக எழுதப்பட்டு நிற்கின்றது. பின்னர் வருபவர் அதனைப் படித்து ஏன் என்று கேட்கலாம். ஓவிய மென்பொருளில் நீக்கினால் எதுவும் மிஞ்சுவதில்லை. சில நாட்களின் பின் நீக்கியவர்க்கே அது நினைவிராது. செய்நிரலாலும் பொய் சொல்லலாமே என்று மறுப்போர் உண்டு. சொல்லலாம்தான், ஆனால் அங்கு பொய்யன் தன் பொய்யை எழுத்தில் விட்டுச்செல்ல வேண்டியிருக்கின்றது. எழுத்தின் அளவைப் பெரிதாக்கவும் நிறம் மாற்றவும் ஓவிய மென்பொருளை நாடுவதில் தடையேதுமில்லை. தரவைச் சுமக்கும் உருக்களைத் தொடுவதாயின் கணிப்பு மென்பொருளுக்கே மீண்டு, அங்கு திருத்தி, மறுபடி வெளியே எடுத்தல் வேண்டும். இது சலிப்பூட்டும் வேலை. கட்டுரையை ஒப்படைக்கவேண்டிய இரவில் இன்னும் சலிப்பூட்டும்.

உயிரியற் படங்களைப் பொறுத்தவரை இவ்வரையறை ஓரளவு வகுக்கப்பட்டுவிட்டது. ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின் படங்களை 2002 முதல் பரிசீலித்த கலவுயிரியற் சஞ்சிகையொன்று, ஏறத்தாழ நான்கிலொரு கட்டுரையில் ஒரு படமேனும் மீண்டும் ஆக்கப்பட வேண்டியிருந்ததைக் கண்டது. நூற்றிலொன்று அளவிலேயே ஏற்பைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஏனையவை வஞ்சகங்களல்ல, அழகுபடுத்தல்களே. படம் முழுவதற்கும் ஒரே அளவில் ஒளியைக் கூட்டலாம், ஒரு பகுதியை மாத்திரம் துலக்கவோ மங்கவைக்கவோ ஆகாது என்பது அச்சஞ்சிகையின் விதி.

அழகுபடுத்தலுக்கும் வஞ்சகத்துக்குமிடையே கடக்கவியலா மதிலொன்று இருப்பதாகக் கருதுவோர் யான் ஹென்றிக் ஷோனின் வரலாற்றை அறிதல் நன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய இப்பௌதிகவியலாளர், அரைக்கடத்திகள் பற்றி வியத்தகு முடிவுகளைத் தலைசிறந்த சஞ்சிகைகளில் அடுத்தடுத்து வெளியிட்டார். பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் அவற்றை மீளச் செய்துபார்க்க முயன்று தோற்றன. வெவ்வேறு சாதனங்களைப் பற்றிய வரைபுகளில், தற்செயலாய் அமையவேண்டிய இரைச்சல் ஏற்றத்தாழ்வுகள் அச்சொட்டாக ஒன்றாயிருந்ததை 2002இற் பிற ஆய்வாளர் கண்டனர். தவறான வரைபை அனுப்பிவிட்டதாக அவர் முதலில் விளக்கினார். மல்கம் பீஸ்லி தலைமையில் அமைந்த குழு 24 குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து 16இல் முறைகேட்டை உறுதிசெய்தது. முழு வரைபுகளும் தனி வளையிகளும் வளையித் துண்டுகளும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயர்க்கப்பட்டிருந்தன; சில வளையிகள் கணிதச் சார்புகளிலிருந்தே ஆக்கப்பட்டிருந்தன. மூலத் தரவுக் கோப்புகள் இல்லை. கணனியில் இடம் போதாமையால் அழித்துவிட்டதாக அவர் கூறினார். முறையான ஆய்வுக் குறிப்பேடும் இருக்கவில்லை. தாம் உண்மையாகவே கண்ட தோற்றப்பாட்டை மேலும் நம்பத்தக்கவாறு காட்டவே அவ்வாறு செய்ததாகவும் அவர் சொன்னார். வளையியின் மேட்டை மழமழப்பாக்கும் மாணவர் கூறும் சமாதானமும் இதுவே. வேறுபாடு தூரத்தில் உளதேயன்றித் திசையில் இல்லை.

ஷோனின் கட்டுரைகளில் இணையாசிரியர்களாகப் பெயர் பொறித்தோரை அக்குழு முறைகேட்டுக் குற்றத்தினின்று விடுவித்தது. ஆயினும் மூத்த ஆய்வாளர் இத்தகைய முடிவுகளைப் போதிய கவனத்தோடு வினவினாரா என்னும் கேள்வியை எழுப்பி, அதற்குத் தான் விடை பகராது விட்டுவிட்டது. மிக முக்கியமான அளவீடுகளுள் ஒன்றேனும் நிகழக் கண்டவர் அவ்விணையாசிரியர்களுள் எவருமிலர். அவர்களிடம் வந்தடைந்தவை முடிந்த வரைபுகள்; தெளிந்த கோடும் நேரிய எழுத்தும் கொண்ட வரைபுகள். அவற்றை வைத்தே விவாதித்தனர், வியந்தனர், கட்டுரை எழுதினர். அப்புள்ளிகளின் எண்கள் அடங்கிய கோப்பைத் தருமாறு உரிய காலத்திற் கேட்டவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. மாணவரின் வரைபைக் கையிலெடுத்து, அச்சின் எழுத்துகளைச் சற்றுப் பெரிதாக்கும்படி மாத்திரம் சொல்லித் திருப்பிக் கொடுக்கும் விரிவுரையாளரும் கேளாது விடுவது அதே கோப்பைத்தான்.