கூலிக்கு நின்ற வீரம்

நம் ஊர்த் தெருக்களில் 'கூர்க்கா' என்றால் இரவுக் காவலர் என்றே பொருள். நள்ளிரவில் கைத்தடியால் தரையைத் தட்டி, விசில் ஊதிச் சென்று, மாதத் தொடக்கத்தில் வாசலில் பணிவோடு வந்து நிற்கும் அம்மனிதரிடம் பத்தோ இருபதோ கொடுத்தனுப்புகிறோம். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? ஆயினும் அவர் வெளியே நடமாடுகிறார் என்ற நினைவே நம்மை நிம்மதியாக உறங்க வைக்கிறது. 'கூர்க்கா' என்ற சொல்லுக்கு அத்துணைப் புகழ்! அப்புகழ் எவ்வாறு பிறந்தது? பிற நாட்டுக் கொடியின்கீழ்க் கூலி பெற்றுப் போரிடுவோனின் துணிவை அறம் என்று போற்றலாமா? இவ்வினாக்கள் நம் சிந்தனைக்கு உரியவை.

1814-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நேபாளத்திற்கும் போர் மூண்டது. டேராடூனுக்கு அருகே நாலாபானிக் கோட்டையைப் பலபத்திர குன்வர் தலைமையில் சில நூறு பேர் காத்து நின்றனர். தாக்க வந்த ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பி அங்கேயே உயிரிழந்தார். நீர்வழி அடைபட்ட பின்னரே, எஞ்சிய சிலருடன் பலபத்திரர் கோட்டையை விட்டு வெளியேறினார். பின்னர் ஆங்கிலேயர் அங்கு இரு நினைவுத் தூண்களை எழுப்பினர். ஒன்று தம் தளபதிக்கு. மற்றொன்று தம்மை எதிர்த்து நின்ற பலபத்திரருக்கும் அவர்தம் வீரருக்கும். போர் முழுமையாக முடியுமுன்னரே, 1815-இல், அதே மக்களைத் தம் படையில் சேர்க்கவும் தொடங்கிவிட்டனர்.

பலபத்திரரோ பின்னாளில் லாகூர் சென்று, ரஞ்சித் சிங்கின் படையில் சேர்ந்து, 1823-இல் நௌஷேராப் போரில் மாண்டார். லாகூர் சென்றவரைக் குறித்த 'லாகுரே' என்ற சொல், அயல்நாட்டுப் படைக்குச் செல்லும் எல்லா நேபாளியரையும் குறிப்பதாயிற்று. மலைச்சரிவில் நிலமோ சிறிது. உண்ணும் வாய்களோ பல. ஆகவே பாட்டன் சென்ற வழியில் தந்தையும், தந்தை சென்ற வழியில் மகனும் சென்றனர். 1947-இல் இந்தியா, பிரிட்டன், நேபாளம் ஆகிய மூன்றும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அன்றிருந்த பத்து கூர்க்கா ரெஜிமெண்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் உரியவை ஆயின.

சாவுக்கு அஞ்சவில்லை என்று ஒருவன் சொன்னால் அவன் பொய்யனாக இருக்க வேண்டும், அல்லது கூர்க்காவாக இருக்க வேண்டும் என்று ஃபீல்டு மார்ஷல் மானெக்ஷா கூறியதாகச் சொல்வர். கூர்க்காக்களோடு நெருங்கிய தொடர்புடைய அவர் அன்பினால் சொன்ன சொல் அது. எனினும் சற்று ஆழ்ந்து நோக்குவோம். எதற்குமே அஞ்சாதவனை அரிஸ்டாட்டில் வீரன் என்று கொள்ளவில்லை; உணர்வு மரத்துப்போனவன் என்றே கருதினார். வெல்வதற்கு அச்சமே இல்லாத இடத்தில் துணிவு எங்கிருந்து வரும்? கூர்க்காவுக்கு அச்சமில்லை என்று புகழும்போது, அவர் தம் உள்ளத்தோடு நடத்தும் போராட்டத்தை நாம் அறியாமலே மறைத்துவிடுகிறோம்.

இத்தகைய புகழுக்கு ஆங்கில ஆட்சி ஒரு கோட்பாடே வகுத்திருந்தது. சில இனத்தார் பிறவியிலேயே போர்வீரர், சில இனத்தார் அதற்கு ஆகாதவர் என்பது அது. 1885 முதல் 1893 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, கூர்க்காக்களை உயர்த்திப் பேசினார். சென்னை மாகாணத்துச் சிப்பாய்களையோ போருக்குத் தகுதி குறைந்தவர் என்று ஒதுக்கினார். நம்மைப் பற்றி அவர் எழுப்பிய சுவர் பொய் என்று நாம் அறிவோம். எனில், அதே அளவுகோலால் அளந்து நேபாளியருக்குக் கொடுத்த பட்டத்தை மட்டும் மெய்யென்று எப்படிக் கொள்வது? வீரம் குருதியில் ஊறி வருவதன்று. ஒவ்வொரு மனிதனும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்ந்துகொள்வது.

கூலிப் படையினர் ஆபத்து மிகும்போது ஓடிவிடுவர், குடிமக்களே நின்று மடிவர் என்றும் அரிஸ்டாட்டில் எழுதினார். இதற்கு மறுமொழியாக ஒரு மனிதரைக் காட்டலாம். 1915 செப்டம்பர் 25 அன்று பிரான்சின் போர்க்களத்தில் குல்பீர் தாப்பா என்ற கூர்க்கா வீரர், தாமே காயமுற்ற நிலையில், பகைவரின் முதல் அகழிக்கு அப்பால் ஆங்கில வீரர் ஒருவர் படுகாயத்துடன் கிடப்பதைக் கண்டார். தம்மை விட்டுத் தப்பிச் செல்லுமாறு அவர் வேண்டியும் செல்லவில்லை. பகலும் இரவும் உடனிருந்தார். மறுநாள் விடியற்காலை மூடுபனியில் அவரை முள்வேலி கடத்தி ஓரளவு பாதுகாப்பான இடத்தில் கிடத்தினார். பின்பு காயமுற்ற கூர்க்காக்கள் இருவரை ஒருவர்பின் ஒருவராக மீட்டார். அதன்பின் பட்டப்பகலில், குண்டுகளுக்கிடையே, மீண்டும் சென்று அந்த ஆங்கில வீரரையும் சுமந்து வந்தார். விக்டோரியா சிலுவை விருது பெற்ற முதல் நேபாளியர் இவரே. கூலி அவரைப் பிரான்சு வரை கொண்டு சென்றிருக்கலாம். மொழியும் இனமும் வேறான ஒருவனுக்காகத் திரும்பிச் செல்ல வைத்தது கூலியன்று. தாக்குவதைவிடத் தாங்கி நிற்பதே மனத்திடத்தின் தலையாய செயல் என்று அக்குவினாஸ் தோமா கூறியதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டுமோ?

ஆனால் அதே தோமா, மனத்திடத்தின் புகழ் நீதியைச் சார்ந்தே நிற்கிறது என்றும் கூறுகிறார். இங்கேதான் நம் உள்ளம் கலங்குகிறது. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயரின் ஆணைக்குக் கீழ்ப்படிந்து நிராயுதபாணிகளைச் சுட்ட ஐம்பது பேரில் கூர்க்காக்களும் இருந்தனர். பிரான்சில் போற்றப்பட்ட அதே கட்டுப்பாடு அமிர்தசரசில் கொலைக்கருவி ஆயிற்று. பதினோராண்டுகளுக்குப் பின், 1930 ஏப்ரல் 23 அன்று, பெஷாவரில் நிராயுதபாணிகளைச் சுட மறுத்துச் சிறை சென்றனர் சந்திர சிங் கட்வாலியும் அவர் தோழர்களும். அவர்களும் இமயமலையின் ஏழை மக்களே. அவர்களும் கூலி பெற்றவர்களே. ஆகவே கூலி வீரத்தைக் கெடுப்பதில்லை. மனச்சான்றையும் சேர்த்து விற்பதே அதைக் கெடுக்கிறது. எனினும், மொழி தெரியாத ஊரில் ஆணைக்கு நடுவே நின்ற மலைநாட்டு இளைஞனை நாம் எளிதில் தீர்ப்பிட வேண்டாம். அம்மக்களோடு உறவில்லாதவன் என்பதற்காகவே அவனைத் தேர்ந்து நிறுத்துவோரின் பொறுப்பு மிகப் பெரிது.

இனி, புகழ்ந்தவர்கள் செலுத்த வேண்டிய கடனையும் எண்ணுவோம். விக்டோரியா சிலுவை பெற்ற துல் பகதூர் புன் பிரிட்டனில் குடியேற 2007-இல் முதலில் அனுமதி மறுக்கப்பட்டது. மக்கள் எதிர்ப்புக்குப் பின்னரே அது கிடைத்தது. 1997-க்கு முன் ஓய்வு பெற்ற கூர்க்காக்கள் அங்கே குடியேறும் உரிமையை 2009-இல்தான் பெற்றனர். சமமான ஓய்வூதியம் கேட்டு முதிய வீரர்கள் 2021-இல் லண்டனில் உண்ணாநோன்பு இருந்தனர். பதக்கம் தருவது எளிது. பங்கு தருவது அரிது. இக்கதை பழங்கதையும் அன்று. ரஷ்யப் படையில் சேர்ந்த தன் மக்கள் அறுவர் மாண்டதை நேபாள அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. வறுமை இருக்கும்வரை பிறர் போரில் மடிய ஆள் கிடைப்பது அரிதன்று.

பல்லாண்டுகளுக்கு முன், எங்கள் தெருவில் காவல் சுற்றிய ஒருவரிடம், "இருட்டில் பயமில்லையா?" என்று கேட்டேன். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "பயம் இருக்கு சாமி. ஊரிலே பிள்ளைங்க இருக்கு" என்றார். எந்த நூலிலும் இதனினும் நேர்மையான வீர இலக்கணத்தை நான் கண்டதில்லை. அச்சத்தையும் அன்பையும் ஒருங்கே சுமந்து நடக்கும் அம்மனிதருக்குப் புகழ்மொழி தேவையில்லை. உரிய கூலியும், உரிய மதிப்புமே தேவை. அடுத்த மாதம் அவர் வாசலில் வந்து நிற்கும்போது, முதலில் அவர் பெயரைக் கேட்போமா?