பல்டிக்கும் மனமாற்றத்துக்கும் நடுவே

'முக்கிய சாட்சி பல்டி' என்று மாலைப் பத்திரிகை போஸ்டரில் பார்த்தால் யாரும் பொருள் கேட்பதில்லை. நீதிமன்றத்தில் பிறழ்சாட்சி என்பார்கள். டீக்கடையில் அது பல்டிதான். கூட்டணி மாறிய தலைவருக்கும் அதே சொல், நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு பேச்சு மாறிய சம்பந்திக்கும் அதே சொல். திரும்புதல், புரளுதல் என்று பொருள்படும் இந்தியின் 'பலட்னா'வோடு உறவுள்ள சொல் இது. நம்மிடம் குட்டிக்கரணம் ஏற்கெனவே இருந்தும், அரசியல் பேச்சில் பல்டியே நிலைத்துவிட்டது.

பல்டி உடம்பின் வித்தை. கிணற்று மேட்டிலிருந்து பல்டி அடிக்கும் பையனிடம் ஏன் அடித்தாய் என்று கேட்கமாட்டோம். கருத்தை மாற்றிக்கொண்டவருக்கும் அதே சொல்லைப் போட்டுவிட்டால், எதனால் மாறினார் என்ற கேள்வியும் சேர்ந்து விழுந்துவிடுகிறது. இது என்னை நெடுநாளாக உறுத்துகிறது. மகளின் காதல் கல்யாணத்தை எதிர்த்த ஒருவர், பேரப்பிள்ளை பிறந்ததும் மருமகனை வீட்டுக்கு அழைத்தால், "என்ன மாமா, அன்னைக்கு அந்தக் குதி குதிச்சீங்க, இப்ப பல்டியா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே மகள் முகத்தைப் பார்க்காமல் காலத்தை ஓட்டிய அப்பாக்களை நான் அறிவேன்.

பேச்சில் முரண்படாதவனாகத் தெரியவேண்டும் என்ற கவலை தனக்கில்லை என்று காந்தி 1933-ல் ஹரிஜன் இதழில் எழுதினார். ஒரே விஷயத்தில் தன் இரண்டு எழுத்துகள் மோதினால் பிந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். முந்தியதை அவர் ஒளித்துவைக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

நீதிமன்றத்தில் இதற்கென்று ஒரு முறையே இருக்கிறது. பழைய தீர்ப்பை மாற்றவேண்டுமென்றால் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அது என்ன சொன்னது, எங்கே தவறியது என்று எழுதியாகவேண்டும். நெருக்கடி நிலையின்போது, விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று, ஜபல்பூர் வழக்கு என்று அறியப்படும் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்தது. சொந்தப் பகைக்காக ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றால்கூட வழியில்லையா என்று விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. அதைக் கேட்ட பிறகும் ஐவரில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவரே மறுத்தார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி எம்.எச். பேக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

அந்த நால்வரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 2017 ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை வழக்கில் ஜபல்பூர் தீர்ப்பைக் கடுமையான பிழையுள்ளது என்று எழுதி ரத்து செய்தவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். அப்பா எழுதியதைப் பெயரோடு எடுத்துவைத்து, காரணம் காட்டி மறுத்தார். இதை யாரும் பல்டி என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் நான் அதிகம் நினைப்பது நால்வரில் இன்னொருவரான பி.என். பகவதியை. தான் அன்று எழுதியது தவறு என்று 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார். பதவியோ லாபமோ எதிர்பார்த்து அதை அவர் சொல்லவில்லை. அந்த மனமாற்றத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் நடுவே 35 ஆண்டுகள் ஓடியிருந்தன. மாறியதாகச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்ற அச்சம் அந்த ஆண்டுகளில் எவ்வளவு பங்கு வகித்தது என்று வெளியிலிருந்து அளக்க முடியாது. வீடுகளில் அதன் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதனால்தான், கருத்தை மாற்றிக்கொண்ட ஒருவரைப் பற்றிப் பேச்சு வரும்போது, பல்டி என்று முந்திக்கொள்ளாமல், என்ன நடந்து மாறினார் என்று கேட்கிறேன். பெரும்பாலும் அவர்களிடம் சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது, இதுவரை யாரும் கேட்காத கதை.