காலடியில் ஒரு பெயர்

ஊர் பார்க்கப் போவதில் தர்மம், அதர்மம் என்று என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ரயிலேறிப் போகிறோம், நாலு கட்டடங்களைப் பார்க்கிறோம், கால் வலியோடு திரும்பி வருகிறோம். இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், பெர்லினில் ஒரு சனியும் ஞாயிறும் கழித்துவிட்டு வரும் வரையில்.

அப்போது லைப்சிக் நகரில் எங்கள் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கிருந்து பெர்லின் ஒன்றேகால் மணி நேர ரயில் பயணம். "இரண்டு நாள் நீங்க ரெண்டு பேரும் தனியாப் போய்ச் சுத்திட்டு வாங்கப்பா" என்று மகள் டிக்கெட் வாங்கிக் கொடுத்தாள். நான் முதல் நாள் இரவே உட்கார்ந்து ஒரு ஜாபிதா தயாரித்தேன். பிராண்டன்பர்க் வாயில், பாராளுமன்றத்தின் கண்ணாடிக் கூரை, 368 மீட்டர் உயர டெலிவிஷன் கோபுரம், நெஃபர்டிட்டி ராணியின் சிலை உள்ள மியூசியம் என்று எல்லாவற்றையும், எதற்கு எத்தனை நிமிஷம் என்ற கணக்கோடு எழுதியாயிற்று. என் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சாப்பிட நேரமே ஒதுக்கலையே?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை பெர்லினில் தேர்த் திருவிழாக் கூட்டம். பிராண்டன்பர்க் வாயிலைப் பார்த்துவிட்டுத் தெற்கே சிறிது நடந்தால் ஒரு மைதானம் வருகிறது. அதில் வரிசை வரிசையாக 2,711 சாம்பல் நிறக் கான்கிரீட் பாளங்கள். ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களின் நினைவாக 2005-ல் திறக்கப்பட்ட இடம் அது. பாளங்களில் பெயர் எதுவும் கிடையாது. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு இருப்பவை, உள்ளே போகப் போக ஆளை மறைக்கும் அளவுக்கு உயர்ந்துவிடுகின்றன. சில பையன்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக் கொண்டிருந்தார்கள். குழந்தைகள் ஒளிந்து விளையாடின. மாலை வெயில் சாய்வாக விழுந்து, படம் எடுக்க மிகவும் வசதியாக இருந்தது. மனைவியை இரண்டு பாளங்களுக்கு நடுவே நிற்கச் சொல்லி, "கொஞ்சம் சிரியேன்" என்றேன்.

"இங்கேயா?" என்றாள்.

எனக்குச் சற்றுக் கோபம்தான் வந்தது. பையன்களைப் போல நான் தாவவில்லையே! சிரிக்காமலே ஒரு படம் எடுத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டதால் புறப்பட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் அடைத்திருக்கும். நகரம் கொஞ்சம் மூச்சு விட்டாற்போல் இருந்தது. காலையில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள பேபெல் சதுக்கத்துக்குப் போனோம். 1933 மே 10-ஆம் தேதி இரவு மாணவர்கள் ஆயிரக்கணக்கான புத்தகங்களைக் குவித்துக் கொளுத்திய இடம். இன்று அங்கே தரையில் ஒரு கண்ணாடி பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் கீழே ஒரு வெள்ளை அறை. நாலு சுவரிலும் காலி அலமாரிகள். இருபதாயிரம் புத்தகங்கள் கொள்ளுமாம், ஒன்றுகூட இல்லை. மிஹா உல்மன் என்ற இஸ்ரேலியச் சிற்பி 1995-ல் அமைத்தது. ஒரு வாலிபன் அந்தக் கண்ணாடியின் மேலேயே ஏறி நின்று பார்த்தான். என் மனைவி ஓரத்தில் ஒதுங்கித்தான் நின்றாள். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள். காலி அலமாரிக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தாள்.

பிறகு ஹாக்கெஷர் மார்க்ட் நிலையத்துக்கு வடக்கே உள்ள பழைய தெருக்களில் நடந்தோம். அழகான ஒரு வீட்டின் முகப்பு முழுவதும் படத்தில் விழ வேண்டுமென்று நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து போனேன்.

"காலை எடுங்க!" என்றாள் மனைவி.

குனிந்து பார்த்தேன். நடைபாதைக் கற்களுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்தில் இரண்டு பித்தளைத் தகடுகள். ஒன்றின்மேல் என் செருப்பு. எங்களுடைய அரைகுறை ஜெர்மனுக்கே விஷயம் புரிந்தது. 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, ஒரு பெயர், பிறந்த வருஷம், கொண்டு போகப்பட்ட வருஷம், ஆஷ்விட்ஸ். பக்கத்துத் தகட்டிலும் அதே குடும்பப் பெயர். புருஷனும் மனைவியும். ஏறக்குறைய எங்கள் வயது. அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அந்த வாசலில் நின்று படிக்க வேண்டிய பெயர்கள் அவை.

இந்தக் கற்களைப் பற்றி நான் முன்பே படித்திருந்தேன். 'தடுக்கும் கல்' என்று பெயர். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-ல் கொலோன் நகரில் தொடங்கிய வேலை. 2023-ல் லட்சத்தைத் தொட்டுவிட்டது. செத்தவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில், ஆளுக்கு ஒரு கல்.

"மிதிபடுகிற இடத்திலா பேரை வைக்கிறது?" என்றாள் மனைவி.

அவளைப் போலவே கேட்டவர்கள் உண்டு. ம்யூனிக் யூத சமூகத்தின் தலைவி ஷார்லோட்டெ குனோப்லோக், சிறுமியாக ஒரு கிராமத்தில் ஒளிந்து உயிர் தப்பியவர், இதே ஆட்சேபத்தைத்தான் சொன்னார். ம்யூனிக் நகரசபை 2004-ல் பொதுத் தெருக்களில் இந்தக் கல்லைப் பதிக்க அனுமதி மறுத்தது. 2018 முதல் அங்கே பெயர்களைக் கண் மட்டத்தில், சுவரிலோ கம்பத்திலோ பதிக்கிறார்கள்.

நான் விடவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எதிர்த்தரப்பை எடுத்துச் சொன்னேன். குனிந்தால்தானே படிக்க முடியும்? குனிவது வணக்கம் அல்லவா? கால் படப்படத்தானே பித்தளை மங்காமல் இருக்கும்? அவள் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கல்லின் நியாயத்தை இவ்வளவு சாமர்த்தியமாக எடுத்துரைக்கும் நான், அதன்மேல் நின்றும் பார்க்கவில்லை. அது அங்கே இருக்கக் கூடாது என்பவள்தான் பார்த்தாள்.

பெயரைத் தரையில் வைப்பதா, சுவரில் வைப்பதா என்பதை அந்த ஊர்க்காரர்களும், உறவை இழந்தவர்களும் தீர்மானிக்கட்டும். ஊர் பார்க்க வந்தவனுக்கு அதில் அபிப்பிராயம் எதற்கு? அவன் படவேண்டிய கவலை வேறு. துக்கம் நடந்த ஊரில் சந்தோஷமாக இருப்பது பாவம் என்று நான் நினைக்கவில்லை. பெர்லின்வாசிகள் அங்கேதான் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். நாங்களும் அன்று பசித்துத்தான் சாப்பிட்டோம். ஆனால், தான் நிற்பது எந்த இடம் என்பதாவது வந்தவனுக்குத் தெரிய வேண்டாமா? ஜாபிதா கையில் இருந்தவரை எனக்கு அது தெரியவில்லை. அடுத்து நிற்க வேண்டிய இடந்தான் தெரிந்தது.

டெலிவிஷன் கோபுரத்தில் ஏறாமலே அன்று மாலை ரயிலைப் பிடித்தோம். லைப்சிக்கில் இறங்கி நடந்தபோது, மகள் வீட்டுக்கு மூன்று வீடு முன்னால் மனைவி சட்டென்று நின்றாள். தெரு விளக்கில் மூன்று தகடுகள் மங்கலாகத் தெரிந்தன. ஒரு மாதமாக அந்த வழியாகத்தான் நாங்கள் காய்கறி வாங்கப் போய் வந்துகொண்டிருந்தோம்.