பணிவும் அதன் பெயரால் நிகழ்ந்த அநீதியும்

சமயச் சமூகம் தன் முதியவர்களுக்கு உணவும் உறைவிடமும் பராமரிப்பும் தருவதோடு, ஒடுங்கிவரும் வாழ்வுக்கும் பொருள் உண்டு என்ற நம்பிக்கையையும் தருகிறது. அந்த நம்பிக்கையே அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதியை மூடிமறைக்கவும் பயன்படக்கூடுமா என்ற வினாவுக்கு, முதியோர் பராமரிப்புக்கென்றே ஒரு சபையைத் தோற்றுவித்த ழான் ஜுகானின் சொந்த முதுமை தக்க சான்றாகும்.

பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் 1792இல் பிறந்த அவர், 1839 குளிர்காலத்தில் பார்வையிழந்த மூதாட்டி ஒருவருக்குத் தம் வீட்டில் இடமளித்துத் தம் படுக்கையையும் கொடுத்தார். ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ என்னும் கத்தோலிக்கக் கன்னியர் சபை அதிலிருந்தே வளர்ந்தது. 1843இல் சகோதரிகள் அவரை மீண்டும் தலைவியாகத் தேர்ந்தபோது, சபைக்கு வழிகாட்டிய குருவான லெ பையேர் அத்தேர்வைச் செல்லாததாக்கினார். வீடுவீடாகச் சென்று நன்கொடை திரட்டும் பணி மட்டுமே ஜுகானுக்கு எஞ்சியது. 1852இல் அதுவும் நிறுத்தப்பட்டு, சபையின் தலைமை இல்லமாகிய தாய்மடத்துக்கு அழைக்கப்பட்ட அவர், 1879இல் இறக்கும்வரை 27 ஆண்டுகள் அதிகாரமேதுமின்றி வாழ்ந்தார். குருவே நிறுவுநர் என்று கற்பிக்கப்பட்ட இளங்கன்னியர் பலர், தங்களோடு வாழ்ந்த மூதாட்டி யாரென்றே அறிந்திருக்கவில்லை.

ஜுகான் அந்த மறைந்த வாழ்விலும் நிறைவு கண்டார் என்பதை ஐயுறத் தேவையில்லை. பதவியில்லாத முதுமை பொருளற்றது என்று கருதும் சமூகம் வறுமைப்பட்டதே. பொறுப்புகளை இளையோரிடம் ஒப்படைப்பதும் இயல்பான அறமே. ஆயினும் பொறுப்பை மாற்றுவது வேறு, செய்தவரின் பெயரையே செயலிலிருந்து நீக்குவது வேறு. பணிவு ஒருவர் தாமே மேற்கொள்ளும்போதுதான் நற்பண்பாகும். பிறர்மீது சுமத்தப்படும்போது, அதை அவர் எவ்வளவு பொறுமையோடு தாங்கினாலும், அது அவமதிப்பே. தாங்கியவரின் பொறுமை அவருக்குரிய பெருமை. சுமத்தியவரின் கணக்கில் அதை வரவு வைக்க இயலாது. இதை மறப்பதால்தான், ‘இறைவன் சித்தம்’ என்று முதியவர் அமைதி கொள்ளும் இடத்தில், அவரைச் சூழ்ந்தவர்களும் தங்கள் கடமை தீர்ந்ததாக எண்ணிவிடுகின்றனர்.

ஜுகானின் தகுதியைச் சபை அறியாதிருந்தது என்றும் வாதிட இயலாது. நிலையான வருமானம் தரும் சொத்துகளை ஏற்கலாமா என்ற சிக்கல் 1865இல் எழுந்தபோது, அதே மூதாட்டியை அழைத்துக் கருத்துக் கேட்டனர். வேண்டாம் என்ற அவருடைய கருத்துக்கு ஏற்பவே முடிவும் அமைந்தது. ஆயினும், லெ பையேரை ரோமின் திருச்சபைத் தலைமை பொறுப்பிலிருந்து விலக்கியது 1890இல்தான். ஜுகான் இறந்து அப்போது பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.